டி-ஷர்ட்டுக்கும் டேட்டாவுக்கும் ஒரே கடல்: திருப்பூர் இன்டர்நெட் திணறுவது வழியிலா, வரிசையிலா?

செங்கடலில் கேபிள் அறுந்தால் பையருடனான வீடியோ கால் ஏன் தடுமாறுகிறது? 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஆபீஸ் நெட் ஏன் திக்குகிறது? ரவுட்டிங், ஷெட்யூலிங் பற்றி ஓர் எளிய விளக்கம்.

2025 செப்டம்பர் 6. சவுதி அரேபியாவின் ஜெட்டா அருகே, செங்கடலின் அடியில் கிடந்த இன்டர்நெட் கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4, ஐஎம்இடபிள்யூஇ என்ற இரண்டு கேபிள்கள் பாதிக்கப்பட்டதாக இணையக் கண்காணிப்பு அமைப்பான நெட்பிளாக்ஸ் தெரிவித்தது. இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகளில் நெட் வேகம் குறைந்தது. மத்தியக் கிழக்கு வழியாகப் போகும் அஷூர் கிளவுட் டிராஃபிக்கை வேறு பாதையில் திருப்பிவிட்டிருப்பதாகவும், தாமதம் கூடலாம் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

எங்கேயோ அறுந்த கேபிளுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம் இருக்கு.

ஒரே கடல், இரண்டு சரக்கு

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. ஐரோப்பாவுக்கான பெட்டிகள் பெரும்பாலும் தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாகப் போவது வழக்கம். இது முதல் சரக்கு.

இரண்டாவது சரக்கு கண்ணுக்குத் தெரியாதது. பையர் அனுப்பும் டெக் பேக், லேப் டிப் அப்ரூவல், சாம்பிள் போட்டோ, ஃபிட் கமென்ட், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், இன்வாய்ஸ், நடுவில் தினமும் இரண்டு வீடியோ கால். இவையெல்லாம் மும்பையிலோ சென்னையிலோ கடலில் இறங்கும் ஃபைபர் கேபிள்களில் ஏறுகின்றன. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் முக்கியமான பாதையும் அதே செங்கடல்தான்.

2023 கடைசியில் ஹௌதி தாக்குதல்களுக்குப் பயந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் செங்கடலைத் தவிர்த்தன. பெட்டிகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. சில வாரங்களிலேயே இரண்டாவது சரக்கும் மாட்டியது. 2024 பிப்ரவரி 18-ஆம் தேதி தாக்கப்பட்ட ரூபிமார் என்ற சரக்குக் கப்பல், நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்தது. அதே மாதக் கடைசியில் மூன்று கேபிள்கள் அறுந்தன. அந்த நங்கூரம்தான் காரணம் என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான டிராஃபிக்கில் சுமார் 25 சதவீதம் பாதிக்கப்பட்டதாக ஹாங்காங்கின் ஹெச்ஜிசி நிறுவனம் கணித்தது.

பெட்டிக்கு வழி மாறினால் இரண்டு வாரம் தாமதம். டேட்டாவுக்கு வழி மாறினால் எவ்வளவு? அதைப் புரிந்துகொள்ள, டேட்டா எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்கணும்.

பாக்கெட் என்றால் என்ன?

பழைய டிரங்க் கால் நினைவிருக்கிறவர்கள் குறைவு. அதில் இரண்டு ஊருக்கு நடுவே ஒரு லைனை உங்களுக்காகவே ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் பேசாமல் சும்மா இருந்தாலும் அந்த லைன் வேறு யாருக்கும் கிடைக்காது.

இன்டர்நெட் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு 3 எம்பி சாம்பிள் போட்டோவை அனுப்பினால், அது 2,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1,500 பைட். ஒவ்வொரு துண்டின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இது எத்தனையாவது துண்டு என்ற விவரம் ஒட்டப்படும். இதுதான் பாக்கெட்.

1960-களில் அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக இந்த யோசனைக்கு வந்தார்கள். 'பாக்கெட்' என்ற பெயரை வைத்தவர் டேவிஸ். 1969 அக்டோபர் 29-ஆம் தேதி அர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல், விஎஸ்என்எல் மூலமாக.

வழியில் பாக்கெட் சந்திக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ரவுட்டர் இருக்கும். அந்த ரவுட்டர் இரண்டே இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: இந்தப் பாக்கெட் அடுத்து எந்தப் பக்கம் போகணும்? இது ரவுட்டிங்.

இரண்டு: அந்தப் பக்கம் போக ஏற்கெனவே நிறைய பாக்கெட் காத்திருந்தால், முதலில் யாரை அனுப்புவது? இது ஷெட்யூலிங்.

நெட் ஸ்லோ என்று நாம் சொல்லும் பெரும்பாலான பிரச்சினைகளின் வேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறது.

வழியை யார் முடிவு செய்கிறார்கள்?

உலகத்திலுள்ள எல்லாக் கணினிகளின் முகவரியும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் தெரியுமா? தெரியாது. தேவையும் இல்லை.

தபால் பின்கோடு மாதிரி யோசியுங்கள். திருப்பூர் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 641601. டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு முதல் எண்ணான 6 போதும், தெற்கே அனுப்பிவிடுவார். அடுத்த எண்கள் சரியான மாவட்டப் பிரிப்பகத்துக்குக் கொண்டுசேர்க்கும். கடைசி மூன்று எண்கள் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். கிட்டே வர வர, விவரம் கூடுதலாகத் தேவைப்படும். ஐபி முகவரியும் இப்படித்தான். ரவுட்டர் முகவரியின் முன்பகுதியைப் பார்க்கும். தன்னிடமுள்ள பட்டியலில் எது அதிக விவரத்தோடு பொருந்துகிறதோ, அந்தப் பக்கம் தள்ளிவிடும். உலக அளவில் இப்போது இப்படிச் சுமார் 10 லட்சம் வழிகள் பட்டியலில் இருக்கின்றன.

பட்டியல் எங்கிருந்து வருகிறது? ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் கணக்கு சுலபம். நெதர்லாந்து கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறுக்குவழி அல்காரிதம்தான் இன்றும் பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு 'செலவு' எண் கொடுத்து, மொத்தச் செலவு எதில் குறைவோ அந்த வழி. கூகுள் மேப்ஸ் போன்ற ஆப்கள் வழி சொல்வதற்கு அடிப்படையும் இதே குடும்பத்து யோசனைதான்.

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நிலைமை வேறு. அங்கே பிஜிபி என்ற விதிமுறை ஆள்கிறது. 1989-இல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேஜையில் நாப்கினில் வரைந்து தொடங்கியது. இதில் தூரம் முக்கியமே இல்லை. யாரோடு ஒப்பந்தம் இருக்கு, யாருக்குப் பணம் கட்டணும், யாரிடம் வாங்கணும் என்பதெல்லாம்தான் வழியை முடிவு செய்யும்.

அதனால் விநோதங்கள் நடக்கும். 2000-களின் தொடக்கத்தில், இந்தியாவுக்குள்ளேயே ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினால்கூட, பாக்கெட் வெளிநாடு போய்த் திரும்பி வரும் நிலை இருந்தது. உள்ளூரில் இரண்டு நிறுவனங்களும் சந்தித்துக்கொள்ள இடமில்லை. அதைச் சரிசெய்யத்தான் 2003-இல் நிக்ஸி என்ற தேசிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் அமைக்கப்பட்டது. அதன் தொடக்க கால மையங்களில் சென்னையும் ஒன்று.

பிஜிபியின் இன்னொரு பலவீனம், அது சொன்னதை நம்பிவிடும். 2008 பிப்ரவரி 24-ஆம் தேதி, உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூப் முகவரிகளின் ஒரு பகுதி தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தானின் அறிவிப்பில் இருந்தது 256 முகவரிகள் கொண்ட சிறிய தொகுதி. அதிக விவரமுள்ள வழிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. அதனால் உலகமெங்கும் உள்ள ரவுட்டர்கள் யூடியூப் பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானுக்கு அனுப்ப ஆரம்பித்தன. சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் முடங்கியது.

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் மணிக்கணக்கில் காணாமல் போனதும் இதே வகைதான். ஒரு பராமரிப்புத் தவறால் ஃபேஸ்புக் தன்னுடைய வழிகளைத் தானே பிஜிபியிலிருந்து விலக்கிக்கொண்டது. சர்வர் இருந்தது, கேபிள் இருந்தது. வழிதான் யாருக்கும் தெரியவில்லை.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

2008 ஜனவரி 30. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே மத்தியத் தரைக்கடலில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்கள் அறுந்தன. இரண்டு நாளில் துபாய் அருகே ஃபால்கன் கேபிளும் அறுந்தது. இந்தியாவின் சர்வதேச பேண்ட்வித் பாதியளவுக்குக் குறைந்ததாக இன்டர்நெட் சேவை நிறுவனங்களின் சங்கம் அப்போது சொன்னது. நிறுவனங்கள் டிராஃபிக்கை எதிர்ப்பக்கம், கிழக்கே திருப்பின. சிங்கப்பூர், பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று உலகைச் சுற்றி ஐரோப்பா.

கிழக்குப் பக்கக் கதவு பெரும்பாலும் சென்னைதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கேபிள் 2002-லும், டாடாவின் கேபிள் 2004-லும் வந்துவிட்டன. அதனால்தான் அந்தச் சுற்றுவழி சாத்தியமானது.

சுற்றினால் எவ்வளவு நேரம் கூடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது 200 கிலோமீட்டருக்கு 1 மில்லி செகண்ட். செங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குக் கேபிள் தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு பக்கப் பயணம் 50 மில்லி செகண்ட். பசிபிக் வழியாகச் சுமார் 30,000 கிலோமீட்டர் என்று வைத்தால் 150 மில்லி செகண்ட். கூடுவது 100 மில்லி செகண்ட். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். மெயிலில் இது தெரியவே தெரியாது. ஆனால் நேரலைப் பேச்சில் தெரியும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதும், "ஹலோ, கேக்குதா?" என்பதும் ஆரம்பமாகும்.

வழி மாற்றுவதற்கே நேரம் எடுக்கும் என்பது இன்னொரு சிக்கல். ஒரு வழி அடைபட்டது என்ற செய்தி பிஜிபியில் வாய்மொழிச் செய்தி மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவ வேண்டும். சில நேரம் பல நிமிடங்கள் ஆகும். இதற்கு ஒரு மாற்று வழியை 2001-இல் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். ரான் என்ற அந்த அமைப்பில், கணினிகள் தங்களுக்குள் வழிகளைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்கும். ஒரு வழி அடைபட்டால், நண்பர் ஒருவரின் கணினி வழியாகச் சுற்றிப் போகும். அவர்களுடைய சோதனைகளில் சராசரியாக 20 நொடிக்குள் மாற்று வழி கிடைத்தது. இன்று பல கம்பெனிகள் வாங்கும் எஸ்டி-வான் சேவைகளில் இதே பாணி யோசனையைப் பார்க்கலாம். பாலகிருஷ்ணனுக்கு 2023-இல் மார்கோனி பரிசு கிடைத்தது.

ஆனால் கேபிள் அறுந்த நாட்களில் நெட் தவழ்வதற்குச் சுற்றுவழி மட்டும் காரணமில்லை. ஐந்து கேபிளில் போன டிராஃபிக் மூன்று கேபிளில் போக வேண்டியிருக்கும். அங்கே கூட்டம் சேரும். வரிசை நீளும். இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

வரிசையில் முதலில் யார்?

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காம்பாக்டிங் யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒன்று. காலையில் ஒரு பெரிய கம்பெனியின் 2 டன் பல்க் லாட் வந்து இறங்கிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன கம்பெனியின் 20 கிலோ சாம்பிள் துணி. வேலை என்னவோ கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்த வரிசையில்தான் ஓட்டுவேன் என்றால், சாம்பிள் துணி நாள் முழுக்க நிற்கும். சாம்பிள் லேட்டானால் ஆர்டரே கைமாறிவிடும்.

வந்த வரிசையில் அனுப்புவதுதான் பெரும்பாலான மலிவு ரவுட்டர்களின் வழக்கம். இங்கே பல்க் லாட் என்பது கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும் 2 ஜிபி கேட்டலாக் போட்டோ ஃபோல்டர். சாம்பிள் துணி என்பது வீடியோ காலின் சின்னச் சின்னக் குரல் பாக்கெட்.

சரி, முக்கியமானவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால்? அதுவும் உண்டு. ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும் இதற்கென்றே 6 பிட் இடம் இருக்கிறது. 64 வகைகள் வரை குறிக்கலாம். குரல் பாக்கெட்டுக்கு ஒரு வகை, சாதாரண டேட்டாவுக்கு ஒரு வகை என்று அலுவலக நெட்வொர்க்குக்குள் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் முன்னுரிமைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தால், மற்றவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அதோடு, எல்லோரும் தங்கள் பாக்கெட்டே அவசரம் என்று முத்திரை குத்திக்கொண்டால் முத்திரைக்கு மதிப்பில்லை. அதனால் வெளி இன்டர்நெட்டில் பெரும்பாலும் இந்த முத்திரையை யாரும் மதிப்பதில்லை.

மூன்றாவது வழி, சுற்று முறை. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை. ஒரு சுற்றில் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் கொஞ்சம் எடு. பல்க் லாட்டில் ஒரு ரோல் ஓட்டு, பிறகு சாம்பிள் துணி ஓட்டு, மறுபடி பல்க். பல்க் லாட் முடிய சில நிமிடம் கூடுதலாகும். சாம்பிள் காலையிலேயே கிளம்பிவிடும்.

1985-இல் ஜான் நேகிள் இந்த யோசனையை முன்வைத்தார். 1989-இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் பாக்கெட்டின் அளவையும் கணக்கில் எடுத்து அதை முழுமையாக்கினார்கள். கேசவ் டெல்லி ஐஐடி மாணவர். ஆனால் கணக்கு கொஞ்சம் கனமானது. வேகமான ரவுட்டரில் ஓட்டுவது கஷ்டம். 1995-இல் எம்.ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் இருவரும் அதை எளிமையாக்கினார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுற்றுக்கு இத்தனை பைட் என்று கோட்டா. முன்னால் நிற்கும் பாக்கெட் கோட்டாவை விடப் பெரியது என்றால் இந்தச் சுற்று விடு. மிச்சக் கோட்டா அடுத்த சுற்றுக்குக் கணக்கில் சேரும். கடைக் கணக்கு நோட்டு மாதிரி. இந்த முறை பல ரவுட்டர்களில் இடம்பிடித்தது.

'ஸ்பீடு டெஸ்ட்டில் 100 காட்டுதே, அப்புறம் ஏன் திக்குது?'

ஏனென்றால் வேகம் வேறு, தாமதம் வேறு. லாரி எவ்வளவு பெரியது என்பது முதலாவது. எப்போது வந்து சேரும் என்பது இரண்டாவது.

இதில் ஒரு வில்லன் இருக்கிறான். பார்க்க நல்லவன் மாதிரியே இருப்பான். பெயர் பஃபர்.

அனுப்பும் கணினிகளுக்கு, வழியில் கூட்டம் இருப்பது எப்படித் தெரியும்? 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜ தூரத்தில், டேட்டா வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. எல்லாக் கணினிகளும் தொலைந்த பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கூட்டத்தை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தன. வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து, 1988-இல் தீர்வை வெளியிட்டார். பாக்கெட் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை. டிசிபியின் அடிப்படைப் பண்பு இன்றும் பெரும்பாலும் இதுதான்.

அதாவது, ரவுட்டர் அவ்வப்போது ஒரு பாக்கெட்டைத் தூக்கி எறிவது தவறில்லை. "மெதுவா வா" என்று சொல்வதற்கு அதுதான் வழி.

ஆனால் மெமரி மலிவானதும், பாக்கெட் தொலையவே கூடாது என்று நினைத்து மோடம், ரவுட்டர் தயாரிப்பாளர்கள் பெரிய பெரிய பஃபர் வைத்தார்கள். சாயப்பட்டறை வாசலில் நிறைய இடம் இருக்கிறதே என்று லோடு லோடாக இறக்கிக்கொண்டே போவது மாதிரி. யாரையும் திருப்பி அனுப்பாததால் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். உள்ளே மெஷின் அதே வேகத்தில்தான் ஓடும்.

கணக்கு இதோ. உங்கள் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ். ரவுட்டரில் 1 மெகாபைட் பஃபர் நிரம்பியிருக்கிறது. 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். அது காலியாக 0.8 நொடி ஆகும். அந்த நேரத்தில் வரும் குரல் பாக்கெட் 800 மில்லி செகண்ட் உங்கள் ஆபீஸ் சுவரிலேயே நிற்கும்.

மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கடல் கேபிள் அறுந்து, பாக்கெட் பசிபிக்கைச் சுற்றிப் போனால் கூடுவது 100 மில்லி செகண்ட். பக்கத்து மேஜையில் ஒருவர் போட்டோ ஃபோல்டரை அப்லோடு செய்தால் கூடுவது அதைவிட எட்டு மடங்கு. முதலாவது தலைப்புச் செய்தி ஆகும். இரண்டாவதற்கு "நெட் சரியில்ல" என்று சேவை நிறுவனத்தைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

இந்த நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கியவர் ஜிம் கெட்டிஸ். மருந்து 2012-இல் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் சேர்ந்து கண்டுபிடித்த கோடெல் முறை. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி செகண்ட் காலத்துக்குத் தொடர்ந்து 5 மில்லி செகண்டுக்கு மேலேயே இருந்தால், ஒரு பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புநருக்குச் சேதி சொல்லும். இதோடு சுற்று முறையையும் சேர்த்தால் எஃப்க்யூ-கோடெல். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இப்போது இதுதான் இயல்பு அமைப்பு.

பணம் கொடுத்தால் முன்னால போகலாமா?

வரிசையை ஒழுங்குபடுத்தலாம் என்றால், வரிசையில் இடத்தை விற்கவும் செய்யலாம் இல்லையா? இந்தியாவில் இந்த விவாதம் வீதிக்கு வந்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தைச் சுற்றி எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, எந்த இணையதளத்துக்குப் போகிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று டிராய் உத்தரவிட்டது. 2018 ஜூலையில் மத்திய அரசு நெட் நியூட்ராலிட்டி கொள்கையை ஏற்றது. குறிப்பிட்ட தளத்தைத் தடுப்பதும், வேகத்தைக் குறைப்பதும், சிலருக்கு மட்டும் முன்னுரிமை கொடுப்பதும் கூடாது. நியாயமான டிராஃபிக் நிர்வாகத்துக்கும், சில சிறப்புச் சேவைகளுக்கும் விலக்கு உண்டு.

5ஜி வந்த பிறகு 'ஸ்லைசிங்' என்ற பெயரில் கேள்வி திரும்பி வந்திருக்கிறது. ஒரே நெட்வொர்க்கைப் பல பாதைகளாகப் பிரித்து, ஒரு பாதையை அதிகக் கட்டணத்துக்கு உறுதியான தாமதத்தோடு விற்கலாம். ஆம்புலன்ஸுக்குத் தனிப்பாதை நியாயம்தான். ஆனால் 500 மெஷின் வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஒரு பாதை, பத்து பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுக்கு மிச்சப் பாதை என்றானால்? திருப்பூர் வளர்ந்ததே சின்ன யூனிட்டுகள் கைகோத்ததால்தான். அவர்கள் எல்லோரும் இதுவரை ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

உங்கள் ஆபீஸில் என்ன செய்யலாம்?

*முதலில் சோதியுங்கள்.* யாரும் நெட் பயன்படுத்தாதபோது ஒரு பிங் டெஸ்ட். பெரிய ஃபைல் அப்லோடு ஆகும்போது இன்னொன்று. முதலாவது 30, இரண்டாவது 500 என்று வந்தால் பிரச்சினை கடலில் இல்லை, உங்கள் ரவுட்டரில்.

*ரவுட்டர் செட்டிங்கைப் பாருங்கள்.* எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். அப்லோடு வரம்பை உங்கள் உண்மையான வேகத்தில் 90 சதவீதம் என்று வையுங்கள். வரிசை அப்போது உங்கள் கட்டுப்பாட்டிலுள்ள ரவுட்டரில் நிற்கும். பிளானை 100-லிருந்து 200-க்கு மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். செலவில்லை.

*பல்க்கை இரவுக்குத் தள்ளுங்கள்.* கிளவுட் பேக்கப், சிசிடிவி அப்லோடு, கேட்டலாக் போட்டோ எல்லாவற்றையும் பையர் கால் இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள். ஐரோப்பாவோடு பேசும் மதியமும் மாலையும் வரிசை காலியாக இருக்கட்டும்.

*இரண்டு கனெக்‌ஷன் வாங்கினால் இரண்டு வழியா என்று கேளுங்கள்.* இரண்டு நிறுவனங்களிடம் வாங்கியும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்து, ஒரே கடல் கேபிளில் முடிந்தால் பேக்கப் என்பது பெயருக்குத்தான். "ஐரோப்பாவுக்கு உங்கள் டிராஃபிக் மும்பை வழியாகப் போகுதா, சென்னை-சிங்கப்பூர் வழியாகப் போகுதா? ஒன்று அறுந்தால் மாற்று என்ன?" என்று கேளுங்கள். டிரேஸ்ரூட் என்ற கருவியை ஓட்டினால், பாக்கெட் கடக்கும் சந்திப்புகளில் பலவற்றை நீங்களே பார்க்கலாம்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 கடலடிக் கேபிள் பழுதுகள் நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும்தான். அடுத்த முறை செங்கடலில் கேபிள் அறுந்ததாகச் செய்தி வரும்போது, திருப்பூரிலிருந்து அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் அன்றைக்கு பையர் கால் தாங்குமா என்பது, சுற்றுவழி கூட்டும் 100 மில்லி செகண்டோடு உங்கள் ரவுட்டர் இன்னும் 800-ஐச் சேர்க்கிறதா என்பதைப் பொறுத்தது.